இருப்பிடச் சான்றா, பிறப்பிடச் சான்றா? ஒரு சொல்லில் போன பத்து நாள்

மகளின் பொறியியல் கலந்தாய்வுக்காக இ-சேவை மையத்துக்குப் போனபோது நான் சொன்னது ஒரே வரிதான்: "தம்பி, பாப்பாவுக்கு இருப்பிடச் சான்று வேணும்." கணினி முன்னால் இருந்த பையன் தலையை ஆட்டினான். ஆதாரைக் கேட்டான், ரேஷன் கார்டைக் கேட்டான், ஒரு போட்டோ எடுத்தான், அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தான். எட்டாம் நாள் செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. பதிவிறக்கி, பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்துக்கொண்டு இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன்.

சான்றிதழ் சரிபார்ப்பில் இருந்த அம்மா அதை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "சார், இது ரெசிடென்ஸ். நாங்க கேட்டது நேட்டிவிட்டி. மாத்திக் கொண்டாங்க, நாலு நாள் இருக்கு."

தப்பு பையனுடையது என்று சொல்ல முடியாது. தமிழில் பேச்சுவழக்கில் இருப்பிடச் சான்று என்றால் பாதிப் பேர் நேட்டிவிட்டியை, அதாவது பிறப்பிடச் சான்றைத்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் "சாதி, வருமானம், இருப்பிடம் மூணும் வாங்கிட்டு வா" என்று வாத்தியார் சொல்லி அனுப்புவது அதைத்தான். மீதிப் பேருக்கு இருப்பிடம் என்றால் இப்போது குடியிருக்கும் இடம். பையன் இரண்டாம் கட்சி, நான் முதல் கட்சி. வேறு மாநிலத்திலிருந்து திரும்பி வருகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், முதல்முறையாக ஊர் மாறுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நீங்கள் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. வரிசையில் நிற்பதற்கு முன் சொல்லைப் பாருங்கள்

எந்தப் படிவமாக இருந்தாலும் தமிழ் மொழிபெயர்ப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, அதில் உள்ள ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ரெசிடென்ஸ், நேட்டிவிட்டி, டொமிசைல், ஆர்டினரிலி ரெசிடென்ட், பெர்மனன்ட் அட்ரஸ். எல்லாம் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். கவுன்டருக்கு உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொன்றும் தனித்தனி.

பிரித்துப் பார்க்க எனக்குக் கைகொடுத்தது அந்தச் சொற்களின் பிறப்புதான். ரெசிடென்ஸ் என்பதன் வேர் லத்தீனில் உட்காருவதைக் குறிக்கும் சொல். நம் 'இரு' என்பதும் அதே கதைதான். இருக்கை என்றால் உட்காரும் இடம், யாழ்ப்பாணத்தில் "இருங்கோ" என்றால் உட்காரச் சொல்கிறார்கள். ஆக, ரெசிடென்ஸ் கேட்டால் நீங்கள் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். வாடகை வீடாக இருக்கலாம், விடுதியாக இருக்கலாம், மாமனார் வீடாகவும் இருக்கலாம்.

நேட்டிவிட்டி என்பதற்கு வேர் பிறத்தல். கிறிஸ்துமஸ் குடிலுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். இங்கே கேள்வி, நீங்கள் எந்த மண்ணுக்காரர் என்பது. டொமிசைல் என்பதற்கு வேர் வீட்டைக் குறிக்கும் லத்தீன் சொல். வீடு என்றால் சுவரும் கூரையும் இல்லை, எங்கே சுற்றினாலும் கடைசியில் திரும்பிப் போக நினைக்கிற இடம்.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் நம்மிடம் இரண்டு கேள்வி கேட்பார்: "எங்கே இருக்கீங்க?" "சொந்த ஊர் எது?" முதல் கேள்வி ரெசிடென்ஸ், இரண்டாவது நேட்டிவிட்டி. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு, அதை வருமான வரித் துறையும் ஆதாரும் கேட்கும்: "எத்தனை நாள் இருந்தீங்க?"

சும்மா ஒரு துணுக்கு. குடியிருப்பதற்கு ஆங்கிலத்தில் 'டுவெல்' என்று இன்னொரு சொல் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் ஆளை வழிதவறச் செய்வது, தாமதப்படுத்துவது. மூன்று அலுவலகம் ஏறி இறங்கிய பிறகு அந்தப் பழைய பொருள்தான் சரி என்று எனக்குப் பட்டது.

2. உங்களுக்கு நேட்டிவிட்டி உண்மையிலேயே வேண்டுமா?

முதலில் இதைப் பாருங்கள், பாதிப் பேருக்கு அலைச்சலே மிச்சமாகிவிடும். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை முழுவதையும் தமிழ்நாட்டிலேயே படித்த மாணவருக்கு நேட்டிவிட்டி தேவையில்லை. மருத்துவத்தில் அதே கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. இடையில் ஒரு வகுப்பு வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும் சான்று கேட்பார்கள். என் மகள் ஐந்திலிருந்து பத்து வரை பெங்களூரு, பதினொன்றும் பன்னிரண்டும் மதுரை. தப்பிக்க வழியே இல்லை. அந்தந்த ஆண்டு விவரக் குறிப்பேட்டை ஒருமுறை படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் போன வருஷம் என்ன கொடுத்தான் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அவன் எங்கே படித்தான் என்பது உங்களுக்குத் தெரியாது.

3. காகிதங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

நேட்டிவிட்டிக்கு நான் கொண்டுபோனவை: மகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள், என்னுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், என் டிசி, பாஸ்போர்ட் அளவுப் படம், கையெழுத்திட்ட சுய உறுதிமொழி. கடைசியாகச் சொன்னதன் மாதிரிப் படிவத்தை மையத்திலேயே தருகிறார்கள்.

இதில் பெற்றோரின் காகிதம் எதற்கு என்று தோன்றும். பிள்ளை வெளிமாநிலத்தில் படித்திருந்தால் இந்த மண்ணோடு உள்ள தொடர்பைக் காட்டப் பெற்றோரின் படிப்பும் பிறப்பும்தான் துணை. என் அப்பா ஊர் சாத்தூர் பக்கம். நான் படித்த பள்ளியின் டிசி ஒரு டிரங்குப் பெட்டியில், நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்து கிடந்தது. என் பிறந்த தேதி இருக்கும் வரி சரியாக அந்த மடிப்பின் மேல். ஸ்கேன் செய்தால் அங்கே ஒரு வெள்ளைக் கோடுதான் தெரிந்தது. பின்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டி, வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்த பிறகுதான் எண் தெளிந்தது. ஆகவே ஸ்கேன் செய்ததும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள், உங்களால் படிக்க முடியாததை விஏஓவாலும் (கிராம நிர்வாக அலுவலர்) படிக்க முடியாது.

எச்சரிக்கை: பெயர். பெங்களூருப் பள்ளியில் என் மகள் பெயருக்குப் பின்னால் என் பெயரைச் சேர்த்து எழுதினார்கள். மதுரையில் என் பெயரின் முதலெழுத்து முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆதாரில் இனிஷியலே இல்லை. மூன்று காகிதத்தில் மூன்று பெண்கள். ஆதாரையும் பள்ளிச் சான்றையும் முதலில் ஒன்றாக்குங்கள். பள்ளிச் சான்றைத் திருத்துவது பெரிய வேலை, ஆதாரைத் திருத்துவது எளிது. எனவே பள்ளியில் இருக்கிறபடி ஆதாரை மாற்றிக்கொள்வதுதான் நடைமுறையில் சுலபம்.

4. விண்ணப்பம்: எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்

இ-சேவையில் ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு குறியீடு உண்டு. நேட்டிவிட்டிக்கு ஆர்இவி 102. ரெசிடென்ஸ் சான்றுக்கு ஆர்இவி 116. இந்த இரண்டு எண்ணும் முன்பே தெரிந்திருந்தால் எனக்குப் பத்து நாள் மிச்சம். பெயரைச் சொல்லாதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள். "நூத்தி ரெண்டு போடுங்க தம்பி" என்றால் யாருக்கும் குழப்பம் வராது.

அதற்கு முன்னால் கேன் எண் வேண்டும். ஆதாரை வைத்து ஒருவருக்கு ஒருமுறை உருவாக்கும் எண் இது, அடுத்தடுத்த சான்றுகளுக்கும் இதுவே போதும். இங்கே மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது, சான்று யாருக்கோ அவருடைய கேன் எண்ணில்தான் மனு போட வேண்டும். பல பெற்றோர் தங்கள் எண்ணிலேயே போட்டுவிட்டு, பிள்ளைக்குப் பதிலாகத் தங்கள் பெயரில் நேட்டிவிட்டி வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

இரண்டாவது, செல்பேசி எண். சில தனியார் பிரவுசிங் கடைகளில் அவசரத்துக்குக் கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிடுவார். அப்புறம் ஓடிபி அவருக்குப் போகும், மனு திரும்பி வந்த செய்தியும் அவருக்கே போகும், உங்களுக்கு எதுவும் தெரியாது. உங்கள் எண்ணைத் தட்டச்சு செய்வதைக் கண்ணால் பாருங்கள்.

மூன்றாவதுதான் பெரிய பள்ளம், வருவாய்க் கிராமம். மனு யார் மேசைக்குப் போக வேண்டும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கும் மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம் மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நாம் வாயால் சொல்லும் பகுதியின் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் பெரும்பாலும் வேறு வேறு. மதுரையை மட்டும் எடுத்துக்கொண்டால் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு வட்டங்கள். எங்கள் தெருவுக்கு எந்த வட்டம் என்று எங்கள் வீட்டுக்காரருக்கே தெரியவில்லை, அவருடைய வீட்டுப் பத்திரத்தைப் பார்த்துத்தான் சொன்னார். தவறான கிராமத்தில் போட்டால் அந்த விஏஓ "என் எல்லைக்குள் இல்லை" என்று எழுதித் திருப்புவார். அதற்கு ஒரு வாரம் போகும்.

செலவு: மையத்தில் ஒரு சான்றுக்கு 60 ரூபாய். வீட்டிலிருந்தே இணையத்தில் போட்டாலும் அதேதான். ஸ்கேன், பிரிண்ட் என்று தனியார் கடைகள் மேலே கேட்கும். என்னிடம் ஒரு கடையில் முந்நூறு கேட்டார்கள், எழுந்து வந்துவிட்டேன். வட்டாட்சியர் அலுவலக வளாகத்திலேயே மையம் இருக்கும், கூட்டுறவுச் சங்கங்களிலும் இருக்கும். கூட்டம் கூடுதல், ஆனால் ரசீது ஒழுங்காக வரும்.

5. மனு போட்டாயிற்று, இனி?

விஏஓ, அவருக்கு மேலே ஆர்ஐ என்கிற வருவாய் ஆய்வாளர், அதற்கு மேலே வட்டாட்சியர் அலுவலகம். மூன்று மேசை தாண்ட வேண்டும். மனு எண்ணை வைத்து நிலையைத் தினமும் ஒருமுறை பாருங்கள், அதற்கு மேல் பார்த்தும் பயனில்லை.

மனு போட்ட மறுநாளே அசல் காகிதங்களோடு விஏஓவைப் போய்ப் பாருங்கள். இது சிபாரிசு இல்லை. அவர் விசாரிக்க வேண்டியது உங்களைத்தான், நீங்களே எதிரில் நின்றால் அவருக்கும் வேலை சுலபம். நான் போனபோது காலை பத்தேகால். மேசையில் தேநீர்க் கோப்பை, பக்கத்தில் அடுக்கடுக்காய்ப் பயிர்க் கணக்குப் பதிவேடுகள், சுவரோரம் முதியோர் உதவித்தொகைக்கு வந்த நான்கு பாட்டிகள். என் கிழிந்த டிசியை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அப்பா ஊர் எதுங்க?" சொன்னேன். "குலசாமி அங்கேயா?" ஆமாம் என்றேன். "அப்ப இங்கே எப்போ வந்தீங்க?" அவ்வளவுதான் விசாரணை. குலசாமி எந்தப் படிவத்திலும் இல்லை. ஆனால் நேட்டிவிட்டி என்ற சொல்லுக்கு அந்த ஒரு கேள்வியைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்குத் தெரியவில்லை.

மனு திரும்பி வந்தால் பதற வேண்டாம். திருப்பி அனுப்புவது வேறு, நிராகரிப்பது வேறு. திருப்பி அனுப்பினால் குறிப்பு இருக்கும், கேட்ட காகிதத்தை ஏற்றிவிட்டு மறுபடி அனுப்பலாம். நிராகரித்தால் புது மனு, மறுபடி அறுபது ரூபாய்.

சான்று வந்தபின் யாரும் முத்திரை குத்தவோ பச்சை மையில் கையெழுத்துப் போடவோ வேண்டியதில்லை, மின்னணுக் கையொப்பமே போதும். "சீல் இல்லையே" என்று எங்காவது கேட்டால், சான்றிதழ் எண்ணை இணையத்தில் போட்டுச் சரிபார்க்கலாம் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

6. இப்போது குடியிருக்கும் இடத்துக்கு ஆதாரம்

ரெசிடென்ஸ் தேவைப்படுகிறவர்களுக்கு இந்தப் பகுதி. புதிதாக ஊர் மாறியவர்களுக்கு வரும் வழக்கமான சிக்கல் இது: வீட்டு முகவரிக்கு ஆதாரம் வேண்டும், அந்த ஆதாரத்தை வாங்க ஏற்கெனவே முகவரிக்கு ஆதாரம் இருக்க வேண்டும். கோழியா முட்டையா.

முடிச்சை அவிழ்க்கும் இடம் வாடகை ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால்தான் எல்லோரும் பதினொரு மாதம் என்று எழுதுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது, பதிவெண் கிடைக்கும். வீட்டுக்காரர்கள் பலர் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள், வரிக்கணக்கு வெளியே வருமே என்ற பயம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசி முடியுங்கள். கொடுத்த பிறகு உங்கள் பேச்சு ஏறாது.

ஒப்பந்தத்தில் வீட்டு எண்ணைப் பழையது, புதியது என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். ஈபி பில்லில் ஓர் எண், வீட்டுவரி ரசீதில் இன்னோர் எண் இருப்பது நம் ஊர் வழக்கம். அந்த ஒரு முரணுக்காக எத்தனை மனுக்கள் திரும்பி வருகின்றன தெரியுமா.

7. ஆதார் முகவரி

வீடு மாறியதும் முதலில் ஆதாரை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அதைப் பார்த்துத்தான் நகரும். முகவரித் திருத்தத்துக்குக் கட்டணம் 2025 அக்டோபரிலிருந்து 75 ரூபாய். உங்கள் பெயரில் முகவரிச் சான்று எதுவுமே இல்லையென்றால், குடும்பத் தலைவரின் ஆதாரை வைத்து மாற்றும் வழி உண்டு. அவருக்கு வரும் கோரிக்கையை முப்பது நாளுக்குள் அவர் ஏற்க வேண்டும். என் மனைவியின் கோரிக்கையை நான் ஏற்க மறந்து, முப்பத்தோராம் நாள் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

ஆதார் சட்டத்தில் ரெசிடென்ட் என்றால், விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 182 நாளாவது இந்தியாவில் இருந்தவர். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாடு வாழ் இந்தியர் மட்டும் அந்தக் காத்திருப்பு இல்லாமலே ஊருக்கு வந்ததும் விண்ணப்பிக்கலாம்.

நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. ஆதாரில் மதுரை முகவரி இருக்கிறது, அதனால் நான் தமிழ்நாட்டுக்காரன் என்று வாதாடிப் பயனில்லை. ஆதார் எண் மட்டுமே குடியுரிமைக்கோ டொமிசைலுக்கோ சான்றாகாது என்று அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவே சொல்கிறது. நான் இதைத் தெரியாமல் கவுன்டரில் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன்.

8. வாக்காளர் பட்டியல்

இங்கே சொல் 'ஆர்டினரிலி ரெசிடென்ட்', அதாவது வழக்கமாகக் குடியிருப்பவர். ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதாலேயே அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டீர்கள், 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. அதே பிரிவுதான் தற்காலிகமாக வெளியூர் போனால் அந்தத் தகுதி போய்விடாது என்றும் சொல்கிறது. ஊரில் பூட்டிய வீட்டை வைத்துக்கொண்டு சென்னையில் பத்து வருஷமாக இருப்பவர் எந்தப் பக்கம் வருவார் என்பதை அவரவர் மனசாட்சியிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

வீடு மாறினால் படிவம் 8. படிவம் 6 புதிதாகச் சேருகிறவர்களுக்கு. மாறியவர்கள் 6-ஐப் போட்டால் பெயர் இரண்டு இடத்தில் வந்து நிற்கும், அது சட்டப்படி கூடாது. பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை என்பதும் சட்டத்தில் உண்டு. கட்டணம் எதுவுமில்லை. பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீட்டுக்கு வரும் நாளில் யாராவது வீட்டில் இருங்கள், அவ்வளவுதான். பதினெட்டு நிறைந்த பிள்ளை இருந்தால் தகுதி நாள் இப்போது ஆண்டுக்கு நான்கு: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி.

9. டொமிசைல் என்று கேட்டால்

தமிழ்நாட்டு இ-சேவைப் பட்டியலில் டொமிசைல் என்ற பெயரில் சான்று கிடையாது. வெளிமாநிலக் கல்லூரிகளும் சில மத்திய அரசுப் படிவங்களும் கேட்கும்போது நம்மவர்கள் பெரும்பாலும் நேட்டிவிட்டியைக் கொடுக்கிறார்கள், பெரும்பாலும் அது செல்லுபடியாகிறது. ஆனாலும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு, பதிலைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு பிறகு செய்யுங்கள்.

மற்ற மாநிலங்களில் இதற்கு வேறு கணக்கு. மகாராஷ்டிரத்தில் டொமிசைல் சான்றுக்குப் பதினைந்து ஆண்டுக் குடியிருப்பு கேட்கிறார்கள். மும்பையில் பத்து வருஷம் இருந்துவிட்டுப் பிள்ளைக்கு அங்கே மாநில ஒதுக்கீடு கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருந்த ஒரு நண்பர் குடும்பம், இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் திண்டாடியதை நேரில் பார்த்தேன். நீங்கள் வெளிமாநிலத்தில் இருந்தால், பிள்ளை எட்டாம் வகுப்பு போவதற்குள் எந்த மாநிலத்துக் கணக்கில் அவன் வருவான் என்று உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

உண்மையில் மாநிலத்துக்கு மாநிலம் டொமிசைல் என்று ஒன்று கிடையாது, இந்தியா முழுமைக்கும் ஒரே டொமிசைல்தான் என்று உச்ச நீதிமன்றம் 1984-லேயே பிரதீப் ஜெயின் வழக்கில் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில், முதுநிலை மருத்துவப் படிப்பில் மாநிலக் குடியிருப்பை வைத்து இடஒதுக்கீடு செல்லாது என்றும் தீர்ப்பு வந்தது. அதெல்லாம் கவுன்டரில் எடுபடாது. படிவத்தில் அந்தச் சொல் இருக்கிறவரை காகிதம் கேட்பார்கள்.

10. வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கு

இது சுருக்கமாகவே, ஏனென்றால் ஆளாளுக்குக் கணக்கு மாறும், ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருவதுதான் நல்லது. வருமான வரிக்கு, நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் நீங்கள் ரெசிடென்ட். அந்த ஆண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்தாலும் ரெசிடென்ட்தான். வெளிநாடு வாழ் இந்தியர் விடுமுறைக்கு ஊர் வந்தால் அந்த 60 என்பது 182 ஆகும். இந்தியாவிலிருந்து வரும் வருமானம் பதினைந்து லட்சத்தைத் தாண்டினால் 120. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்தக் கணக்கு மாறவில்லை.

வங்கி இதைப் பார்ப்பதில்லை. அங்கே அன்னியச் செலாவணிச் சட்டம், நாளோடு சேர்த்து எதற்காக வந்தீர்கள், எதற்காகப் போனீர்கள் என்பதையும் அது பார்க்கும். வேலை முடித்து நிரந்தரமாகத் திரும்பியவர், அந்த ஆண்டு வரிக்கு நான்-ரெசிடென்டாகவும் வங்கிக்கு ரெசிடென்டாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். என் தம்பி இப்படித்தான் இருந்தான். ஊர் திரும்பிய பிறகும் என்ஆர்இ கணக்கை, அதாவது வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கை, அப்படியே விட்டுவைத்து, வட்டிக்கு வரி இல்லை என்று எண்ணிக்கொண்டிருந்தான். திரும்பிய உடனே வங்கிக்கு எழுதிக் கொடுத்துக் கணக்கை மாற்றுங்கள். பாஸ்போர்ட்டில் குடியேற்ற முத்திரை விழுந்த பக்கங்களை எல்லாம் படமெடுத்து வையுங்கள். நாள் எண்ணும்போது அதுதான் சாட்சி.

11. எப்போது தொடங்குவது

மார்ச். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடக்கும்போதே பெற்றோர் போய் நேட்டிவிட்டிக்கு மனு போட்டுவிடலாம், மதிப்பெண் பட்டியல் அதற்குத் தேவையில்லை. மே மாதம் முடிவுகள் வந்த வாரத்தில் எல்லா மையங்களிலும் வரிசை வாசல் தாண்டித் தெருவுக்கு வரும், சர்வரும் படுத்துவிடும். விஏஓக்களுக்கு ஜமாபந்தி (ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கை) வேலையும் அதே காலத்தில் வந்து சேரும்.

எனக்கு இரண்டாவது மனுவுக்கான சான்று மூன்றாம் நாள் மாலை ஆறரைக்கு வந்தது, கெடுவுக்கு ஒரு நாள் முன்னால். மொத்தச் செலவு இரண்டு சான்றுக்கு 120, ஸ்கேனும் பிரதியும் 85, பேருந்துக்கும் தேநீருக்கும் கணக்கில்லை, அலுவலகத்தில் எடுத்த விடுப்பு மூன்று நாள். அந்த முதல் சான்று, ஆர்இவி 116, இன்னும் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை.